கானும் அகழியும்: சீகிரியாவைச் சுற்றி ஏன் பள்ளம் தோண்டினார்கள்?

மாத்தளையில் இருந்து வடக்கே இறங்கும் பாதையில், நாலந்தாவைத் தாண்டியதும் மலைகள் பின்வாங்கத் தொடங்கும். தம்புள்ளைக்கு வரும்போது குளிர் போய்விடும். இனாமலுவையில் திரும்பினால் சமவெளி. அதன் நடுவே தனியாக ஒரு கல் எழுந்து நிற்கும். எங்கள் தோட்டப் பாடசாலையில் ஆண்டுதோறும் தரம் 8 பிள்ளைகளைச் சீகிரியாவுக்குக் கூட்டிப் போவோம். பஸ்ஸில் இருந்து இறங்கி, நுழைவுச்சீட்டு எடுத்து, மேற்கு வாசல் பக்கம் நடந்தால் முதலில் வருவது கல் அல்ல, அகழி. பிள்ளைகள் அதன் ஓரத்தில் வரிசையாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "டீச்சர், முதலை எல்லாம் எங்க டீச்சர்?"

பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கோட்டையைச் சுற்றித் தண்ணீர், தண்ணீருக்குள் முதலை, நீந்தி வருகிறவனை முதலை பிடிக்கும், அவ்வளவுதான் அகழி என்று. கண்டி வாவியையும் அகழி என்கிறார்கள். எங்கே ஒரு பழைய கட்டடத்தின் ஓரத்தில் தண்ணீர் நின்றாலும் அதற்கும் அந்தப் பெயர். நீந்தத் தெரிந்தவன் கடந்துவிடக்கூடிய ஒரு நீர்ப்பட்டைக்காகவா ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் மண் சுமந்தார்கள்? அந்த உழைப்புக்கு இன்னும் நல்ல விளக்கம் இருக்கிறது. அது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட எளிதில் புரியும் என்பது என் அனுபவம்.

கான் வெட்டும் கணக்கு

என் அப்பா கான் வெட்டும் கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலை, எடுத்தவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால்தான் கான். மம்பட்டியும் அலவாங்கும் எடுத்துக்கொண்டு விடியவே போவார். இரண்டு அடி ஆழத்துக்கு வெட்டி, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் போட்டு அணைப்பார். ஏழு எட்டு வயதில் நான் அந்தக் கானுக்குள் இறங்கி நின்றிருக்கிறேன். மேல்பக்கம் இடுப்பளவு. கீழ்ப்பக்கம் பார்த்தால் மண் கழுத்தளவுக்கு வந்துவிடும். தோண்டியது இரண்டு அடிதான், ஏற வேண்டியதோ நான்கு அடி. தோண்டிய பள்ளமும் குவித்த மண்ணும் சேர்ந்துதான் அந்த உயரம் வருகிறது.

அகழியின் முதல் இரகசியம் இதுதான். கோட்டையைச் சுற்றித் தோண்டிய பள்ளம் அகழி. அதிலிருந்து எடுத்த மண்ணை உள்பக்கம் குவித்து இறுக்கிய மேடு மண்ணரண். பிற்பாடு அதன் மேல் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டினால் மதில். பள்ளமும் மேடும் இரண்டு வேலை அல்ல, ஒரே மம்பட்டி வெட்டில் பிறக்கிற இரட்டைப் பிள்ளைகள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம் உள்ள பள்ளம் தோண்டுகிறோம். ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 36 கன மீற்றர் மண் வெளியே வரும். அதையே உள்பக்கம் 12 மீற்றர் அடியகலம் உள்ள முக்கோண மேடாகக் குவித்தால் 6 மீற்றர் உயரம் வரும். பள்ளத்தின் அடியில் நிற்கிறவனுக்கு மேட்டின் உச்சி 9 மீற்றர் உயரத்தில் இருக்கும், மூன்று மாடிக் கட்டடம் அளவு. தூரத்தில் இருந்து ஒரு கூடை மண்கூடக் கொண்டு வரவில்லை.

அர்த்தசாஸ்திரம் இதைத்தான் விதியாகவே சொல்கிறது. கோட்டையைச் சுற்றி மூன்று அகழி வெட்டு, அந்த மண்ணாலேயே மேடு கட்டு, யானைகளையும் எருதுகளையும் மேலே நடக்கவிட்டு அதை இறுக்கு, முட்செடி நடு என்று. இன்று ரோட்டுப் போடும்போது உருளை இயந்திரம் செய்கிற வேலையை அன்று யானைக்கால் செய்தது.

சொல்லைப் பார்த்தாலே இது விளங்கும். அகழ்தல் என்றால் தோண்டுதல், அகழப்பட்டது அகழி. அந்தச் சொல்லுக்குள் தண்ணீர் இல்லை. சிங்களத்திலும் 'அகல' என்றால் பள்ளம்தான். தண்ணீர் உள்ளது என்று சொல்ல வேண்டுமானால் 'திய' என்று முன்னால் சேர்த்து 'திய அகல' என்பார்கள். இரண்டு மொழிக்காரர்களும் பள்ளத்துக்குத்தான் பெயர் வைத்தார்கள். தண்ணீர் பிறகு வந்து சேர்ந்தது.

ஏணிக்கு இடம் இல்லை

இனி எதிரியின் பக்கம் இருந்து பார்ப்போம். மதிலைக் கடக்க அவனுக்கு மூன்று வழி: மேலே ஏறலாம், உடைக்கலாம், அடியில் தோண்டலாம். அகழி இந்த மூன்றையும் கெடுக்கிறது.

ஏறுவதை எடுத்துக்கொள்வோம். பலாமரத்தில் ஏணி சாத்தியவர்களுக்குத் தெரியும், ஏணியின் கால் மரத்தோடு ஒட்டி இருந்தால் பின்னால் சாயும், ரொம்பத் தள்ளி இருந்தால் நடுவில் வளைந்து வழுக்கும். உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி வைப்பது வழக்கம். 6 மீற்றர் மதிலுக்கு ஏணியின் கால் ஒன்றரை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். 6 மீற்றருக்குச் சற்றுக் கூடிய மூங்கில் போதும், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வரலாம்.

இப்போது அந்த மதிலின் அடியில் 12 மீற்றர் அகல அகழி இருக்கிறது என்று வையுங்கள். ஏணிக்கால் நிற்க வேண்டிய அந்த ஒன்றரை மீற்றர் இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. அடியில் சேறு, ஆள் ஏற ஏற ஏணி புதையும். சரி, வெளிக்கரையில் இருந்தே சாத்தலாம் என்றால் 13 மீற்றருக்கு மேல் நீளம் வேண்டும். அது ஏணி மாதிரி நிற்காது, பாலம் மாதிரிப் படுத்திருக்கும். நாலு பேர் ஏறினால் நடுவில் முறியும். அகழி எதிரியை மூழ்கடிக்க வேண்டியதில்லை, அவன் கால் ஊன்றும் இடத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

உடைப்பதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வாசலை உடைக்கும் பெரிய ஆயுதம் யானை. யானைக்குத் தண்ணீர் பயமில்லை, நீந்தும். ஆனால் தண்ணீருக்குள் நின்றபடி முட்ட முடியாது, ஓடி வந்து மோதினால்தான் கதவு உடையும். அகழி அந்த ஓட்டத்தை வெட்டிவிடுகிறது. அகழியின் குறுக்கே விட்டிருக்கும் ஒடுங்கிய நடைபாதை வழியாகத்தான் வர வேண்டும். மேலே வில்லோடு நிற்பவர்களுக்கு எல்லாத் திசையையும் பார்க்கிற வேலை மிச்சம்.

மூன்றாவது, அடியில் தோண்டுவது. திருடன் வீட்டுச் சுவரில் ஓட்டை போடுவதைக் கன்னம் வைத்தல் என்கிறோம். கோட்டைக்கும் அதே வித்தை உண்டு. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேல்மண்ணை மரக்கால்களால் தாங்கி, பிறகு அந்த மரத்துக்கு நெருப்பு வைத்தால் மதில் தன் பாரத்தாலேயே உள்ளே இறங்கும். இதைத் தடுக்க நீர் அகழியைப் போல நல்ல வழி வேறில்லை. சுரங்கம் அகழிக்கு அடியில் வந்ததும் ஈரம் கசியும், கசிவு பெருகும், கூரை விழும். தப்ப வேண்டுமானால் அகழியைவிட ஆழமாகப் போக வேண்டும். அங்கே நிலத்தடி நீர் நிற்கும்.

விற்பனைக்கு இல்லாத சரக்கு, நேரம்

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அகழி மதிலை உயர்த்துகிறது, ஏணியைக் கெடுக்கிறது, ஓட்டத்தை வெட்டுகிறது, சுரங்கத்தை நனைக்கிறது. இவை எதிரியை அடியோடு நிறுத்துவதில்லை. உலகத்தில் கடக்கவே முடியாத அகழி இருந்ததில்லை. பிறகு என்ன பயன்?

நேரம். வெட்டவெளியில் நூறு மீற்றரை ஒருவன் இருபது நொடியில் ஓடிவிடுவான். இடுப்பளவு தண்ணீரில் கேடயம் தூக்கிக்கொண்டு, சேறு காலை இழுக்க, பன்னிரண்டு மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் முழுவதும் அவன் அம்பெய்யும் தூரத்துக்குள் நிற்கிறான். அகழியைத் தூர்த்துவிட்டு வரலாம் என்றால் விறகுக் கட்டும் மண்ணும் கொண்டு வந்து கொட்ட நாள்கணக்காகும். தூர்ப்பவர்களும் அம்புக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அதற்குள் உள்ளே இருப்பவர்களுக்கு உதவிப் படை வரலாம், வெளியே இருப்பவர்களுக்குச் சோறு தீரலாம், மழை பிடிக்கலாம், காய்ச்சல் பரவலாம். முற்றுகையில் வெல்வது பெரும்பாலும் வாள் அல்ல, யார் அதிக நாள் தாங்குகிறார்கள் என்பதுதான்.

நம் பழந்தமிழ் இலக்கணம் இதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. மதிலை வளைப்பதை உழிஞை என்றும் காப்பதை நொச்சி என்றும் பிரித்தார்கள். அகழிக்குள் நடக்கும் சண்டைக்கென்றே தொல்காப்பியத்தில் ஒரு துறை உண்டு, அதில் பாசியை உவமையாக வைத்திருக்கிறார்கள். குளத்துப் பாசியைக் கையால் ஒதுக்கினால் விலகும், கையை எடுத்தால் மறுபடி வந்து மூடும். அகழித் தண்ணீரில் இரு படையும் அப்படி விலகியும் மூடியும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். நேரம் போவதை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை.

சரி, முதலை?

முதலை கட்டுக்கதை அல்ல. அர்த்தசாஸ்திரம் அகழியில் தாமரையும் முதலையும் இருக்கட்டும் என்கிறது. புறநானூற்றின் 37ஆம் பாட்டில், இரவுக் காவலர் ஏந்திய விளக்கின் நிழல் அகழி நீரில் விழ, அதை இரை என்று நினைத்துக் கவ்வுகிற முதலை வருகிறது. அந்த ஒரு காட்சிக்காகவே பாட்டைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். உலர்வலயத்துக் குளங்களில் முதலை இன்றும் வாழ்கிறது, தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் வந்து குடியேறும்.

ஆனால் முதலை வேலி மேல் நட்ட முள் போன்றது. முள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலி வேலிதான். முதலையை மட்டும் நம்பி யாரும் அகழி வெட்டவில்லை. அப்படி நம்பியிருந்தால் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருக்கத் தேவையில்லை.

தண்ணீர் எப்படி நிற்கிறது?

எல்லா அகழியிலும் தண்ணீர் இருந்ததில்லை. சிங்கள மக்கள் நன்கு அறிந்த உம்மக்க ஜாதகக் கதையில், மகோசதர் என்ற அறிஞர் மிதிலை நகரைச் சுற்றி மூன்று அகழி வெட்டுகிறார்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சேறு, ஒன்று வெறும் பள்ளம். மூன்றுக்கும் மூன்று குணம். வறண்ட அகழியில் இறங்கலாம், ஆனால் ஒளிய இடம் இல்லை. நீர் அகழியில் நீந்தலாம், ஆனால் ஆயுதம் தூக்க முடியாது. சேற்று அகழி எல்லாவற்றிலும் பொல்லாதது. நடக்கவும் விடாது, நீந்தவும் விடாது, தெப்பமும் ஓடாது. இந்தச் சேற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

தண்ணீர் நிற்க இரண்டு வழி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால், கிணற்றில் ஊறுவது போல அகழியிலும் தானாக ஊறும். மட்டம் ஆழத்தில் இருந்தால் வெளியில் இருந்து கொண்டு வர வேண்டும், அடியில் களிமண்ணை மிதித்துப் பூசி ஒழுகாமல் பார்க்க வேண்டும். சீகிரியாவின் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே மழை பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடும். மற்ற மாதங்களில் வெயில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மழைக்காலத்தில் வழிகிற நீரைப் பிடித்து, கோடைக்கு வைத்திருந்து, தேவைக்கு விட வேண்டும். கல்லின் தெற்கே கட்டிய பெரிய குளம் அதற்குத்தான்.

இங்கே எங்கள் லயத்துப் பீலியை, அதாவது வீட்டு வரிசைக்குத் தண்ணீர் விழும் குழாய்வாயை, நினைக்கச் சொல்வேன். மலை உச்சியில் ஊற்று. அங்கிருந்து குழாய் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, லயத்துக்கு வரும். மோட்டார் கிடையாது. ஊற்று பீலியைவிட உயரத்தில் இருக்கும்வரை தண்ணீர் விழும். தண்ணீர் தன் பழைய உயரத்தைத் தேடி ஏறப் பார்க்கும், அந்தத் தள்ளலைத்தான் அழுத்தம் என்கிறோம். சீகிரியாவின் மேற்குத் தோட்டத்தில் நிலத்துக்கு அடியில் ஓடும் கால்வாய்களும், துளைகள் போட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் தட்டுகளும் உள்ளன. உயரத்தில் தேங்கிய நீர் அடியில் ஓடி வந்து அந்தத் துளைகள் வழியாகப் பீறிடும். ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்தும் நல்ல மழைக்காலத்தில் அவை இன்னும் பீறிடுகின்றன. போவதானால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். விரல் உயரத்துக்குத்தான் எழும். ஆனால் அது சீகிரியாவைக் கட்டிய அரசன் காசியப்பன் காலத்துக் கைவேலை.

அகழியும் அந்தத் தோட்டக் குளங்களும் ஒரே நீர் வலையின் கண்ணிகள். மழையில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், கோடையில் தோட்டத்தைக் குளிர வைக்கும், விருந்தாளிக்கு அழகு காட்டும், பகைவனைத் தள்ளி நிறுத்தும். ஒரே பள்ளத்துக்கு நாலு வேலை. போருக்கு மட்டும் என்றோ அழகுக்கு மட்டும் என்றோ அதைப் பிரிக்கப் பார்ப்பதுதான் தவறு.

பீரங்கி வந்ததும்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தூரத்தில் இருந்து அது உயரமாகத் தெரியாது. புல் மேட்டில் மெல்ல ஏறிக்கொண்டே போவோம், திடீரென்று காலடியில் அகழி, எதிரே மதில். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கீசரிடம் இருந்து அதைப் பிடித்து, ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். வெளிவேலைகள் 1792இல்தான் முடிந்தன.

பீரங்கிக்கு முன் உயரமான மதில் பலவீனம். குண்டு பட்டால் மேலிருந்து சரியும். ஆகவே மதிலை உயர்த்துவதை விட்டுப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். அகழிக்கு வெளியே சாய்வாக மண் கொட்டி ஒரு சாய்மேடு போட்டார்கள். எதிரியின் குண்டு அந்த மண்ணில் புதையும், மதிலின் அடியைத் தொடாது. மூலைகளில் அம்புமுனை போல வெளியே நீட்டிய மேடைகளுக்குக் கொத்தளம் என்று பெயர், அங்கிருந்து அகழி முழுவதையும் நீளவாக்கில் சுடலாம். காலம் மாறியபோது உயரத்தை விட்டுக்கொடுத்தார்கள், அகழியை விட்டுக்கொடுக்கவில்லை.

கண்டிக்கு அகழி எது?

இந்த இடத்தில் மலைநாட்டுக்காரியான எனக்குக் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டும். கண்டி இராச்சியம் போர்த்துக்கீசரை முறியடித்தது, ஒல்லாந்தரை நிலைக்க விடவில்லை. 1594, 1630, 1638 என்று போர்த்துக்கீசப் படைகள் அழிந்தன. கண்டியில் சீகிரியாவைப் போல அகழி சூழ்ந்த கோட்டை ஒன்றும் கிடையாது. தலதா மாளிகையின் முன்னால் மதிலோடு ஓடும் ஒடுங்கிய நீர்ப்பள்ளம் கம்பீரத்துக்கானது, படையை நிறுத்த அல்ல. வாவி 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்நிலத்தின் குறுக்கே அணை கட்டி ஆக்கியது. அது நகரைச் சுற்றவில்லை, ஒரு பக்கத்தில் கிடக்கிறது.

பிறகு எப்படித் தாக்குப்பிடித்தது? திருக்குறள் 742ஐ எடுங்கள்:

மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற்
காடும் உடைய தரண்.

தெளிந்த நீர், வெட்டவெளி, மலை, நிழல் அடர்ந்த காடு, இவை உள்ளதே அரண். மனிதன் தோண்டிய பள்ளம் என்று குறள் சொல்லவில்லை, அகழி செய்கிற வேலையைத்தான் சொல்கிறது. கண்டி நகரை மகாவலி மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. சுற்றிலும் மலை, மலை மேல் காடு. கணவாய்களில் முள்வேலிக் கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். பாலம் கட்டவில்லை, நல்ல பாதை போடவில்லை. அது சோம்பல் அல்ல, திட்டம். பகைவனின் பீரங்கி வண்டி வரக் கூடாது.

1803 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசராக முடிசூட்டி, மேஜர் டேவியின் கீழ் ஒரு படையையும் விட்டுவிட்டுப் போனார்கள். காய்ச்சலில் படை தேய்ந்தது. கண்டியர் வளைத்தார்கள். ஆங்கிலேயப் படையினர் சரணடைந்து, திருகோணமலைக்குப் போக விட்டால் போதும் என்று வெளியேறி வட்டபுலுவத் துறைக்கு வந்தார்கள். மகாவலி பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. கடக்க வழியில்லை. தெப்பம் கட்டப் பார்த்தும் முடியவில்லை. அந்தக் கரையில் வைத்தே முத்துசாமியை ஒப்படைக்கும்படி கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கேட்டான், கொடுத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பிறகு படையினரில் பலரும் கொல்லப்பட்டார்கள். அகழி உள்ளே வருகிறவனை மட்டும் தடுக்கும் என்று நினைக்கிறோம். வெளியே போகிறவனையும் அது அதே மாதிரிதான் நிறுத்தும்.

அதற்கு இன்னொரு சாட்சி அந்த அரசனே. 1815இல் கண்டி விழுந்தபோது, பிரதானிகளில் பலர் அரசனுக்கு எதிராகப் போயிருந்தார்கள், வழிகள் உள்ளிருந்தே திறந்தன. நாயக்கர் வழியில் வந்த அந்தக் கடைசி மன்னனைக் கடல் கடத்தி வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். நாற்புறமும் அகன்ற நீர் அகழி சூழ்ந்த கோட்டை அது. 1832இல் அங்கேயே இறந்தான். அவன் கடந்த கடலை எதிர்த்திசையில் கடந்து, 1820களில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வரத் தொடங்கினார்கள். 1830களில் பேராதனையில் மகாவலியின் மேல் முதிரை மரத்தால் ஆங்கிலேயர் ஒரு வளைவுப் பாலம் கட்டினார்கள். கண்டியின் அகழி தூர்ந்தது அன்றுதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

சுருக்கமாக: அகழி என்பது ஒரு வடிவம் அல்ல, ஒரு வேலை. பகைவனுக்கும் நமக்கும் இடையே கடக்கக் கடினமான இடைவெளி இருந்தால் அந்த வேலை நடக்கும். மம்பட்டியால் வெட்டியதா, மழை வெட்டியதா என்பது அடுத்த பேச்சு.

மறுபடி சீகிரியாவுக்கு

இப்போது அந்த மேற்கு வாசலில் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். இரண்டு அகழி, மூன்று அரண், அதற்கு அப்பால் தோட்டம், பாறைகள், படிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஏறத்தாழ 180 மீற்றர் எழுந்த கல். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நேரம் சேர்த்துக் கொடுக்கிறது.

கட்டியவன் காசியப்பன். கலா வாவியைக் கட்டிய தாதுசேனனின் மகன். தண்ணீரைக் கையாளும் அறிவு அந்த வீட்டுச் சொத்து. சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறபடி, தந்தையைக் கொன்று 477இல் அரசைப் பிடித்தான். உரிமையுள்ள தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போனான். அவன் ஒருநாள் படையோடு வருவான் என்ற பயத்தில் அநுராதபுரத்தை விட்டு இந்தக் கல்லுக்கு வந்தான். கோட்டையாகக் கட்டினானா, குபேரனின் நகரம் போன்ற மாளிகையாகக் கட்டினானா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். அந்தத் தோட்டங்களைப் பார்த்தவர் யாரும் வெறும் பயத்தால் இதைக் கட்டினான் என்று சொல்ல மாட்டார்கள். அந்த அகழிகளைப் பார்த்தவர் பயமே இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு முன்பும் பின்பும் அது பிக்குகளின் இடம்.

பதினெட்டு வருடம் கழித்து, 495இல், முகலன் வந்தான். இரண்டு அகழிக்கும் மூன்று அரணுக்கும் உள்ளே காசியப்பன் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. படையை அழைத்துக்கொண்டு வெளியே இறங்கி, சமவெளியில் எதிர்கொண்டான். சண்டையின் நடுவே அவன் ஏறியிருந்த யானைக்கு முன்னால் ஒரு சதுப்பு நிலம். அதைச் சுற்றிப் போக யானையைத் திருப்பினான். பின்னால் வந்த படைக்குச் சேறு தெரியவில்லை, யானை திரும்பியதுதான் தெரிந்தது. அரசன் ஓடுகிறான் என்று நினைத்து அவர்களும் கலைந்து ஓடினார்கள். தனியே நின்ற காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

மூன்று வகை அகழியில் எது பொல்லாதது என்று கேட்டேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, காலையில் முதலையைத் தேடிய பையன் பஸ்ஸில் ஏறும் முன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தச் சேறு எவ்வளவு ஆழம் இருந்திருக்கும் டீச்சர்?"